‘வேலை வந்தா சொல்றோம்’ என்றால் ரசீது கேளுங்கள்

கேள்வி: உசிலம்பட்டி ஒன்றியத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. எனக்கு வயது 46. வேலை அட்டையில் நானும் வீட்டுக்காரரும் இருக்கிறோம். அவர் மூட்டை தூக்கப் போய்விடுவார். நூறு நாள் வேலைக்கு நான்தான் போவேன். ஜூன் மாதம் கண்மாயில் 12 நாள் மண் வேலை பார்த்தேன். பத்து நாளுக்குத்தான் பணம் வந்தது. அதுவும் நாளுக்கு 268 ரூபாய் வீதம் 2,680 ரூபாய். கேட்டால் ‘ஆன்லைன்ல அப்படித்தான் ஏறியிருக்கு’ என்கிறார் பணித்தளப் பொறுப்பாளர். அதற்குப் பிறகு வேலையே இல்லை. எப்போது போய்க் கேட்டாலும் ‘வந்தா சொல்றோம், போங்கம்மா’ என்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஜூன் மாதக் கூலி எந்தக் கணக்குக்குப் போனது என்றே தெரியவில்லை. காலேஜில் படிக்கும் என் மகன், ‘அமெரிக்காவுல வேலையே பார்க்காதவனுக்கும் அரசாங்கம் சோறு போடுது, நீ மண்ணைச் சுமந்துட்டும் காசுக்கு அலையிற’ என்று கேலி பண்ணுகிறான். நாங்கள் யாரிடம், என்னவென்று கேட்பது?
(பெயர் வேண்டாம், ஆகஸ்ட் 2025)

பதில் (2025 ஆகஸ்டில் நடப்பில் இருந்த சட்டப்படி, கூலிப்படி): அம்மா, வேலை கிடைக்காதது, இரண்டு நாள் விடுபட்டது, கூலி குறைந்தது, அக்காவின் பணம் காணாமல் போனது என்று நான்கு சிக்கல்களைச் சொல்லியிருக்கிறீர்கள். நான்கும் வெவ்வேறு மேசையில் தீர வேண்டியவை. சேர்த்து ஒரே மனுவாக எழுதினால் ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் கைகாட்டும். தனித்தனியாக எழுதுங்கள்.

முதலில் வேலை. நீங்கள் இதுவரை ‘போய்க் கேட்டது’ எதுவும் கணக்கில் இல்லை. நூறு நாள் வேலைக்கான மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், 2005 ஓடத் தொடங்குவதே நீங்கள் வேலை கேட்ட தேதியிலிருந்துதான். அந்தத் தேதிக்குச் சான்று வேண்டும். வாயால் கேட்கவும் வழி உண்டு; ஆனால் வாயால் கேட்டதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. எழுதிக் கொடுங்கள். வேலை கோரும் படிவம் ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும். இல்லை என்றால் வெள்ளைத்தாள் போதும். இப்படி எழுதலாம்:

“பெறுநர்: வட்டார வளர்ச்சி அலுவலர், ஊராட்சி ஒன்றியம். வழி: ஊராட்சி செயலாளர். எங்கள் வேலை அட்டை எண் இது. கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள் 1.9.2025 முதல் தொடர்ந்து 14 நாட்களுக்கு வேலை கோருகிறோம். மனு பெற்றதற்குத் தேதியிட்ட ரசீது தர வேண்டுகிறோம்.”

குறைந்தது 14 நாட்களுக்குத் தொடர்ச்சியாகக் கேட்க வேண்டும் என்பது விதி. நான்கு நாளுக்கு எழுதினால் அதைச் சாக்காக வைத்துத் திருப்பிவிடலாம். தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுத்தடுத்த மாதங்களுக்கும் முன்கூட்டியே மனுப் போட்டு வைக்கலாம். கூட வேலை பார்க்கும் பெண்கள் பத்துப் பேர், பதினைந்து பேர் ஒரே மனுவில் ஆளுக்கொரு அட்டை எண் எழுதிக் கையெழுத்துப் போடலாம். தனி மனுவைவிட அதற்குப் பலம் அதிகம்.

ரசீது தர மறுப்பார்கள். அதன் காரணம் தெரிந்தால் நீங்கள் விடமாட்டீர்கள். மனு வாங்கிய நாள், எந்த நாள் முதல் வேலை வேண்டும் என்று மனுவில் எழுதினீர்களோ அந்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 15 நாளுக்குள் வேலை தரவில்லை என்றால் வேலையில்லாப் படி தர வேண்டும். முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், அதற்கு மேல் பாதிக்குக் குறையாமல். 2025-26 நிதியாண்டில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். அதன்படி நாளுக்கு 84 ரூபாய், முப்பது நாளுக்கு 2,520 ரூபாய், 31-ஆம் நாளிலிருந்து 168 ரூபாய். நீங்கள் மண் வெட்டினால் கூலியை ஒன்றிய அரசு தருகிறது. வேலை தராமல் விட்டால் இந்தப் படியை மாநில அரசு தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். தேதியிட்ட ரசீது உங்கள் கைக்கு வந்துவிட்டால் அந்தச் செலவு எழுத்தில் ஏறிவிடும். ‘வந்தா சொல்றோம்’ என்ற சொல் அங்கேதான் பிறக்கிறது.

இதில் இன்னொரு தந்திரமும் உண்டு. வேலை தயாரான பிறகு, அந்தத் தேதியையே நீங்கள் வேலை கேட்ட தேதியாகக் கணினியில் ஏற்றிவிடுவார்கள். பதிவைப் பார்த்தால் கேட்ட உடனே வேலை கொடுத்த மாதிரி இருக்கும். ரசீது இருந்தால் இதையும் உடைக்கலாம். கையில் வாங்க மறுத்தால் அதே மனுவை வட்டார வளர்ச்சி அலுவலர் பெயருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். தபால் சீட்டும் மனுவின் நகலும் உங்களிடம் இருக்கட்டும்.

உங்கள் பக்கத்துக் கடமையும் இருக்கிறது. அதை மறைத்து ஆலோசனை சொல்வது சரியில்லை. வேலை வந்ததாகத் தகவல் சொன்ன பிறகு 15 நாளுக்குள் போகாவிட்டாலோ, கொடுத்த வேலையை ஏற்காவிட்டாலோ, அனுமதி இல்லாமல் தொடர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் வராவிட்டாலோ, ஒரே மாதத்தில் விட்டுவிட்டு ஒரு வாரத்துக்கு மேல் வராவிட்டாலோ, மூன்று மாதத்துக்கு வேலையில்லாப் படி கேட்க முடியாது. ஆனால் படி மட்டும்தான் நிற்கும். வேலை கேட்கும் உரிமை அப்போதும் உண்டு. ‘நீ அன்னைக்கு வரலை, இனிமே உனக்கு வேலை கிடையாது’ என்று யாராவது சொன்னால் அது சட்டத்தில் இல்லாத தண்டனை. விருந்து, சாவு, காய்ச்சல் என்று போக முடியாத நாட்களுக்கு ஒரு வரி எழுதிப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். வேலைக்களம் ஊரிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போகச் சொன்னால் கூலியில் 10 விழுக்காடு சேர்த்துத் தர வேண்டும்.

மகனுக்கு ஒரு பதில். அமெரிக்காவில் ஸ்னாப் என்றொரு உணவு உதவித் திட்டம் இருக்கிறது. அங்கே உடல் திடமாக இருந்து, பார்த்துக்கொள்ளச் சின்னப் பிள்ளைகள் இல்லாதவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ பயிற்சியோ தொண்டோ செய்ததாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மூன்று ஆண்டுகளில் மூன்று மாதம்தான் உதவி. 1996-இலிருந்து இருக்கும் நிபந்தனை இது. 54 வயதுவரை என்று இருந்ததைப் 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான சட்டம் 64 வயதுவரை நீட்டிவிட்டது. ஆக, அங்கேயும் சும்மா சோறு இல்லை. அங்கே வேலையைத் தேடிக் கண்டுபிடிப்பது உதவி வாங்குகிறவர் பாடு. கிடைக்காவிட்டால் அவருக்குத்தான் நஷ்டம். இங்கே வேலையைக் கண்டுபிடித்துத் தருவது அரசின் பாடு. தராவிட்டால் அரசுக்குச் செலவு. தாளில் பார்த்தால் உங்களுடையதுதான் கெட்டியான சட்டம். அந்தத் தாளை யாரும் உங்களிடம் நீட்டுவதில்லை, அவ்வளவுதான்.

இனி விடுபட்ட இரண்டு நாள். 2023 ஜனவரி 1 முதல் கைபேசிச் செயலியில்தான் வருகைப் பதிவு. காலையில் ஒரு படம், குறைந்தது நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு படம். இரண்டிலும் தேதி, நேரம், இடம் பதிவாகும். இரண்டாவது படம் ஏறாவிட்டால், நீங்கள் நாள் முழுக்க மம்பட்டி பிடித்திருந்தாலும் அந்த நாள் கேள்விக்குறிதான். கோளாறு பெரும்பாலும் சின்ன விஷயத்தில் நடக்கிறது. கரைக்கு உள்ளே இறங்கினால் சிக்னல் இருக்காது. பொறுப்பாளரின் போனில் சார்ஜ் தீர்ந்திருக்கும். உங்களுக்குக் கொடுத்த அளவை வெட்டி முடித்து நீங்கள் ஒரு மணிக்கே கிளம்பியிருப்பீர்கள், படம் எடுத்தது இரண்டரைக்கு. சிக்னல் இல்லாவிட்டால் அங்கேயே படம் எடுத்து வைத்துவிட்டு, ஊருக்குள் வந்து ஏற்ற முடியும். அதையும் செய்யவில்லை என்றால் தவறு உங்களுடையது இல்லை.

படம் ஏறாத நாளுக்கு வழி உண்டு. செயலி வேலை செய்யவில்லை என்று காரணம் எழுதி, மாவட்ட ஒருங்கிணைப்பாளரான ஆட்சியரின் அனுமதியோடு கையால் வருகை ஏற்றலாம். ஆனால் இதை அந்த வார மஸ்டர் ரோல் (வருகைப் பட்டியல்) மூடுவதற்கு முன்பு கேட்க வேண்டும். மூடிக் கூலிப் பட்டியல் போட்டுவிட்டால் திருத்துவது மலையைப் புரட்டுகிற வேலை. ஜூன் கணக்கு மூடிவிட்டது. என்றாலும் விடுபட்ட இரண்டு தேதிகளையும் மஸ்டர் ரோல் எண்ணையும் எழுதி, அந்த நாள்களில் கூட வேலை பார்த்த நான்கு பேர் கையெழுத்தோடு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுங்கள். அந்த நாள்களின் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் சரிபார்க்க வேண்டும் என்று ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2025 ஜூலை 8-இல் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. படத்தையே படம் எடுத்து ஏற்றுவது, சம்பந்தமில்லாத படத்தை ஏற்றுவது எல்லாம் அதிலேயே குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஆகவே ‘படமெல்லாம் காட்ட முடியாது’ என்ற பதில் எடுபடாது.

இனி ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, மஸ்டர் ரோல் எண், காலைப் படம் எத்தனை மணிக்கு, மாலைப் படம் எத்தனை மணிக்கு, அன்று வந்தவர்கள் எத்தனை பேர். இந்தக் கடைசிக் கணக்கு எதற்கு என்பது 268 ரூபாயைப் பார்க்கும்போது புரியும்.

336 என்பது வந்து நின்றதற்குக் கிடைக்கிற சம்பளம் இல்லை. வெட்டிய மண்ணை ஓவர்சியர் அளந்து, நீளம் பெருக்கல் அகலம் பெருக்கல் ஆழம் என்று கன மீட்டர் போட்டு, அதன் மதிப்பை ஆள் எண்ணிக்கையால் வகுத்தால் வருகிற தொகைதான் கூலி. ஒரு ஆள் ஒரு மணி நேர ஓய்வு உட்பட எட்டு மணி நேரம் வேலை பார்த்தால் முழுக்கூலி வரும்படிதான் விலைவிகிதம் இருக்க வேண்டும் என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. உங்கள் 268, 336-இல் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. மீதி ஒரு பங்கு நான்கு இடங்களில் கரைந்திருக்கலாம்.

ஒன்று, ஆழம். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழம் வெட்டினால் 1.8 கன மீட்டர். ஆழத்தை 25 சென்டிமீட்டர் என்று எழுதினால் 1.5. வெறும் ஐந்து சென்டிமீட்டர்தான். ஆனால் கூலியில் ஆறில் ஒரு பங்கு போய், 336 என்பது 280 ஆகிவிடும். இதைத் தடுக்க, குழி வெட்டும்போது நடுவில் ஒரு சின்ன மண் திட்டை வெட்டாமல் பழைய மட்டத்திலேயே விட்டு வையுங்கள். அளப்பவர் அதன் உச்சியிலிருந்து அடிவரை டேப் பிடித்தால் ஆழம் தானாகத் தெரியும். அளந்து முடிக்கும் முன்பே ‘குழி அழகா இருக்கட்டும்’ என்று அதையும் வெட்டித் தள்ளிவிட்டால் அப்புறம் ஓவர்சியர் எழுதியதுதான் ஆழம்.

இரண்டு, மண்ணின் வகை. இளகிய மண்ணுக்கு ஒரு விலை, சரளை கலந்த இறுகிய மண்ணுக்கு அதைவிடக் கூட. ஒரே கண்மாயிலேயே மேலே வண்டலும் கீழே கடப்பாரை இறங்காத சரளையுமாக இருக்கும். எல்லாவற்றையும் இளகிய மண் என்று எழுதினால் நீங்கள் பாடுபட்டு வெட்டியதற்குக் குறைந்த மதிப்புத்தான் வரும். சரளை தட்டிய அன்றே ஒரு கைபேசிப் படம் எடுத்து வையுங்கள்.

மூன்று, சுமந்த தூரமும் ஏற்றிய உயரமும். அவற்றுக்கும் தனி விலை உண்டு. குழியிலிருந்து கரை உச்சிக்குத் தலைச்சுமையாக ஏற்றியதை, பக்கத்தில் கொட்டியது மாதிரி எழுதினால் அந்தப் பணமும் போய்விடும்.

நான்காவதைத்தான் ஊரில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. மஸ்டர் ரோலில் 30 பெயர். மண் வெட்டியவர்கள் 25 பேர். மீதி ஐந்து பேர் படத்துக்கு நின்றுவிட்டுப் போனவர்களாகவோ வராமலே பெயர் ஏறியவர்களாகவோ இருக்கலாம். 25 பேர் வெட்டிய மண்ணை 30 பேருக்குப் பங்கு போட்டால் 336 மறுபடியும் 280-க்கு இறங்கிவிடும். அந்த ஐந்து பேரின் கூலி அரசாங்கத்தின் பணம் என்று நினைத்துப் பேசாமல் இருக்கிறீர்கள்; அது உங்கள் இருபத்தைந்து பேரின் பையிலிருந்து போகிறது. நோட்டில் ஆள் கணக்கு எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

அளந்த விவரமெல்லாம் அளவுப் புத்தகத்தில் இருக்கும். எம் புக் என்பார்கள். உங்கள் வேலையின் பக்கத்துக்கும் மஸ்டர் ரோலுக்கும் நகல் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்ற வில்லையாக ஒட்டலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பெயர் எண்ணிக்கை, ஆழம், மண் வகை மூன்றையும் நோட்டோடு ஒப்பிட்டால் 68 ரூபாய் எங்கே போனது என்று தெரிந்துவிடும். உங்களுக்கு வர வேண்டியது 12 நாளுக்கு 4,032 ரூபாய், வந்தது 2,680, குறைவு 1,352 ரூபாய். இந்தக் கணக்கை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

உடல் ஊனமுற்றவர் யாராவது உங்கள் குழுவில் இருந்தால், அவருக்கும் இதே மண் அளவைப் போடக் கூடாது. தண்ணீர் கொடுப்பது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது போன்ற வேலைகள் அவர்களுக்கு உரியவை. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தாலே அவர்களைப் பார்க்க ஓர் ஆளைக் கூலியோடு நிறுத்த வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்காவின் பணம் பெரும்பாலும் தொலைந்திருக்காது. 2024 ஜனவரியிலிருந்து கூலி ஆதார் வழியாகத்தான் போகிறது. வேலை அட்டையில் எழுதிய கணக்குக்குப் போகாது; அவருடைய ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கை இணைத்தாரோ அதற்குத்தான் போகும். குழுக் கடனுக்கோ எரிவாயு மானியத்துக்கோ எங்கேயாவது புதுக் கணக்குத் திறந்திருப்பார். கைரேகை வைக்கும்போது இணைப்பு அங்கே மாறியிருக்கும். ஆதாரில் பதிந்த கைபேசியிலிருந்து *99*99*1# அழுத்தி ஆதார் எண்ணைக் கொடுத்தால் எந்த வங்கி என்று வந்துவிடும். பழைய கணக்குக்கே திரும்ப வேண்டுமானால் அந்த வங்கிக் கிளையில் ஆதார் இணைப்புப் படிவம் எழுதித் தர வேண்டும். ‘என்பிசிஐ மேப்பிங் மாத்தணும்’ என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும். எந்த வங்கியிலும் இல்லை என்றால், வேலை அட்டையிலும் ஆதாரிலும் பெயர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அட்டையில் இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர் என்று இருந்தாலே பணம் திரும்பிவிடும். அதைத் திருத்துவது ஒன்றிய அலுவலகத்தின் கணினி உதவியாளர் வேலை.

தாமதத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மஸ்டர் ரோல் மூடிய 15 நாளுக்குள் கூலி வர வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 0.05 விழுக்காடு இழப்பீடு. ஆறு நாள் கூலி 2,016 ரூபாய்க்கு நாளுக்கு ஒரு ரூபாய். 2024 நவம்பர் கடைசியிலிருந்து தமிழ்நாடு முழுக்க மாதக்கணக்கில் கூலி நின்றது உங்களுக்கே தெரியும். ஒரு ரூபாய்க்காக யாரும் அலைய மாட்டார்கள் என்று தெரிந்துதான் அந்த விகிதத்தை வைத்தார்களோ என்னவோ.

மனுக்களை எங்கே கொடுப்பது? உங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, தனி அலுவலர் நிர்வாகம் வந்தது. ‘தலைவர் இல்லை, கையெழுத்துப் போட ஆள் இல்லை’ என்ற பதிலை ஏற்காதீர்கள். புகார் மனுவை வட்டார வளர்ச்சி அலுவலர் ஏழு நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. முடிக்கவில்லை என்றால் எட்டாம் நாளுக்குப் பிறகு வரும் திங்கட்கிழமை மதுரை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளுக்குப் போங்கள். முதல் மனுவின் நகலும் ரசீதும் இல்லாமல் போனால், மனு மறுபடி அதே ஒன்றிய அலுவலகத்துக்கே அனுப்பப்படும். சமூகத் தணிக்கைக் குழு ஊருக்கு வரும்போது நோட்டோடு போய் நில்லுங்கள். அவர்கள் வீடு வீடாகக் கேட்பதே இதைத்தான்.

நூறு நாள் என்பது ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கு. ஏப்ரலிலிருந்து மார்ச் வரை. இந்த ஆண்டு இதுவரை உங்கள் அட்டையில் பத்து நாள்தான் ஏறியிருக்கிறது என்றால் மிச்சம் தொண்ணூறு நாள் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு மூட்டை வேலை இல்லாத வாரங்களில் அவர் பெயரையும் சேர்த்தே மனுவில் எழுதுங்கள். நாள்கள் வேகமாக ஏறும். ஐப்பசி மழை பிடித்துக் கண்மாயில் தண்ணீர் நின்றுவிட்டால் மண் வேலை மூடிவிடும், அப்புறம் தை வரை காத்திருக்க வேண்டியிருக்கும். முதல் மனுவை ஆவணிக்குள் கொடுத்துவிடுங்கள்.